மூவர் குழுவில் பேஸுக்கு இரண்டு வேலை

ஹார்ட் ராக் மூவர் குழு திட்டமிட்டு அமைவது அபூர்வம். ஆள் குறைந்து மூவராக நிற்பதுதான் வழக்கம். பாடகருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்துவிடும். இரண்டாவது கிட்டார்காரர் கல்யாணத்துக்குப் பிறகு ஒத்திகைக்கு வரமாட்டார். மிஞ்சியவர்களில் ஒருவர் கிட்டாரை வைத்துவிட்டு பேஸை, அதாவது கீழ் ஓசைக் கிட்டாரை, எடுப்பார். 1966-இல் லண்டனில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் குழு அமைந்தபோதும் இதுதான் நடந்தது: நோயல் ரெடிங் கிட்டார் வாசிக்க வந்தவர், அவர் கையில் பேஸ் வந்து சேர்ந்தது. இதில் ஒரு லாபமும் உண்டு. கிட்டார் பழகிய கை சும்மா இருக்காது; மூவர் குழுவுக்கு அப்படிப்பட்ட பேஸ்தான் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் புதிதாகச் சேரும் குழுக்கள் முதலில் பணம் போடுவது கிட்டார் ஆம்பிலும் (ஒலிபெருக்கி), காலால் மிதித்து ஓசையை மாற்றும் பெடலிலும். அது தப்பான இடம் என்பது என் கணக்கு. மூவர் குழுவின் ஓசை கெடுவது ஒரே இடத்தில்: கிட்டார் சோலோ தொடங்கும் நொடியில். அதுவரை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன சுரவரிசை) வாசித்த கிட்டார் மேலே ஏறிவிட, 150 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை இருந்த தடிமன் சட்டென்று காணாமல் போகிறது. மேலே கீச்சென்று ஒரு சரம், அடியில் மொத்தையாக ஒரு சத்தம், நடுவில் ஒன்றுமில்லை. அந்த நடுவை நிரப்புவதற்கு பேஸை விட்டால் வேறு ஆள் கிடையாது. கோயில் மேளத்தில் நாதஸ்வரம் எங்கே சுற்றினாலும் ஒத்து அடியில் விடாமல் நிற்கிறதே, அந்த வேலையையும் பேஸே சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை சும்மா பேஸில் மாட்டினால் நடு நிரம்பும், அடி போய்விடும். பல பெடல்கள் கீழ் ஓசையை வெட்டிவிடுகின்றன. வெட்டாதவையும் மேல் ஓசைகளைப் பெருக்கி அடிச்சுரத்தை அமுக்குகின்றன. எனவே சிக்னலை இரண்டாகப் பிரிப்பது நல்லது. சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சுத்தமாகப் போகட்டும், மேலே உள்ளது மட்டும் டிஸ்டார்ஷனுக்குள் போகட்டும். இப்போது வரும் பேஸ் பெடல்கள் பலவற்றில் சுத்த ஓசையையும் கரகர ஓசையையும் கலக்கும் ‘பிளெண்ட்’ குமிழ் இருக்கிறது; அதைப் பாதியில் வைத்துத் தொடங்கலாம். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி எடுத்த வழி வேறு: ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்பில் செருகி, மிட் (நடு ஓசை) குமிழை ஏற்றி, ரிதம் கிட்டார் போலவே பல சுரம் சேர்ந்த கார்டு அடித்தார். பாட்டும் அவர்தான். ரஷ் குழுவின் கெடி லீ கீபோர்டுக்குக் கை மாறும்போது காலால் மிதிக்கும் பேஸ் பெடலில் அடியைப் பிடித்துக்கொண்டார். மூவர் குழுவில் விழும் பள்ளத்தை இருவரும் ஆளுக்கொரு வழியில் நிரப்பினார்கள்.

கிட்டார்காரர் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்: கெயினை, அதாவது கரகரப்பின் அளவை, குறைக்க வேண்டும். தனியாக வீட்டில் வாசிக்கும்போது தடிமனாகக் கேட்கும் கெயின், டிரம்ஸோடு சேர்ந்ததும் வெறும் இரைச்சலாகிவிடும். ஆம்பில் மிட்டைக் குறைத்துக் குழித்து, கீழ் ஓசைக் குமிழையும் மேல் ஓசைக் குமிழையும் ஏற்றும் பழக்கம் இன்னும் மோசம். குழித்த இடம்தான் கிட்டாரின் வீடு. ரிஃபில் விரல் வைக்காத ஒரு திறந்த கம்பியைச் சேர்த்து ஒலிக்கவிட்டால், பெடல் எதுவும் தராத அகலம் கிடைக்கும்.

தடித்த கம்பியை மட்டும் ‘ஈ’யிலிருந்து ‘டி’க்கு இறக்கும் டிராப் டி சுருதிக்கு வந்தால் கிட்டாரின் தடித்த கம்பி 82.4-லிருந்து 73.4 ஹெர்ட்ஸுக்கும், பேஸினுடையது 41.2-லிருந்து 36.7-க்கும் வரும். 10–46 செட்டில் (எண்கள் மெல்லிய, தடித்த கம்பிகளின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கிட்டாரின் அந்தக் கம்பி தொளதொளக்கும். அழுத்தி அடித்தால் சுருதி முதலில் மேலே ஏறிப் பிறகு இறங்கும். 10–52 போடுங்கள். போட்ட பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தியதன் சுருதி கூடுதலாக இருந்தால், கம்பி அமரும் சேடிலைப் பின்னே தள்ள வேண்டும். டர்பனின் கடற்கரை ஈரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், கழுத்தும் வளையும். வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டியில் வைப்பது அங்கே கட்டாயம்.

ஒத்திகை பெரும்பாலும் காராஜில். சாட்ஸ்வர்த்தின் ஒட்டு வீடுகளில் பக்கத்து வீட்டு அத்தையின் சுவரும் நம் சுவரும் ஒன்றே என்பதால் நேரக் கட்டுப்பாடு தானாக வந்துவிடும். காராஜின் பெரிய தொல்லை வேறு. அகலம் 3 மீட்டர் என்றால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் எழும்பி நிற்கும். பேஸின் ‘ஏ ஷார்ப்’ சுரம் 58.3 ஹெர்ட்ஸ், ஏறத்தாழ அதே. அந்தச் சுரம் வந்தால் மட்டும் ஓடு அதிரும், மற்றவை மெலிந்து கேட்கும். பேஸ்காரர், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் கெட்டுவிட்டது என்று கழற்ற ஆரம்பிப்பார். பிக்கப்பில் ஒன்றுமில்லை. ஆம்பை மூலையிலிருந்து எடுத்து அகலத்தின் நடுப்பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் 57 ஹெர்ட்ஸுக்கு ஒரு சேதமும் இல்லை. காது அடைப்பான் இல்லாமல் உட்காரவும் கூடாது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்றால் 100-இல் பதினைந்தே நிமிடம் என்பது அமெரிக்கப் பணியிட ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. காராஜில் டிரம்ஸ் மட்டுமே அதைத் தொட்டுவிடும்.

டிரம்ஸில் வரும் சிக்கல் திறமையால் வருவது. காவடிக்கு உருமியும் தவிலும் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு ஏழு எண்ணிக்கை ரிஃப் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நாலு பேருக்குப் பதில் மூவர் என்றதும், காலி தெரியக் கூடாது என்று ஒவ்வொரு நாலாவது சுற்றிலும் ஒரு தீர்மானம் (முடிப்பு அடி) வைப்பார்கள். கிராஷ் சிம்பல் ஓயாமல் ஒலித்தால் கிட்டாரின் மேல் ஓசை முழுவதையும் அது விழுங்கிவிடும். சோலோவில் ஹைஹேட் தட்டுகளை விட்டு ரைடு தட்டுக்கு மாறி, காலால் அடிக்கும் கிக் டிரம்மை பேஸோடு ஒரே அடியில் பூட்டினால் போதும்.

மின்வெட்டு அட்டவணைக் காலம் கற்றுக்கொடுத்த ஒன்று: கரண்ட் போனதும் ஆம்புகளின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது எகிறும் மின்னழுத்தம்தான் ஆம்பைக் கொல்லும். மலிவான இன்வர்ட்டரில் வாசித்தால் கிட்டாரில் ஒரு ரீங்காரம் ஏறும், அது கிட்டாரின் குறை அல்ல. ஹம் வருகிறதென்று எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டிவிட வேண்டாம். மைக்கில் வாய் பட்டதும் உயிரே போகலாம்.

பிறகு பதிவு. ரிதம் கிட்டாரை இரண்டு முறை வாசித்து இடதும் வலதும் வைப்பது ஸ்டூடியோ வழக்கம். கேட்கவும் பிரமாதமாக இருக்கும். ஆனால் முதல் டெமோவை ஒற்றைக் கிட்டாரோடுதான் எடுக்க வேண்டும். சோலோ வரும் இடத்தில் பாட்டு தொய்கிறதா என்று போனின் சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள். அங்கே அடி ஓசை கேட்காது, நடு மட்டுமே கேட்கும். தொய்ந்தால் பேஸ்காரர் அந்த இடத்தில் ஆக்டேவ் சேர்த்தோ ஐந்தாம் சுரம் சேர்த்தோ வாசித்து மறுபடி எடுக்கட்டும். இரண்டாம் கிட்டாரைச் சேர்ப்பதெல்லாம் அது சரியான பிறகு.