அப்பாவின் இடது கை

அப்பாவுக்கு 74 வயது. பாம்பனில் நாற்பது வருடம் வள்ளத்தில் போனவர். இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். மிஷினில் நான்கு மணி நேரம், அப்புறம் பஸ்.

காலையில் முதல் வேலையாக அவருடைய இடது முழங்கைக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். ஃபிஸ்டுலா போட்ட இடம், அதாவது டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை ஆபரேஷனில் இணைத்த இடம். தோலுக்கடியில் ரத்தம் கிர்ரென்று ஓடுவது விரலில் அதிரும். "இன்ஜின் ஓடுதாம்மா?" என்பார். "ஓடுதுப்பா." அந்த அதிர்வு நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவும், டயாலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசி போடவும் யாரையும் விடமாட்டேன்.

போன சித்திரையில், டயாலிசிஸ் முடிந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நெற்றியில் சிராய்ப்புதான். ஆனால் மிஷினில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்திருந்தார்கள். தலையில் அடி என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

அன்று பார்த்த மருத்துவர் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். காலையில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு போய்ப் படுக்கிறார், மிஷின் இரண்டு லிட்டருக்கு மேல் நீரை எடுத்துவிடுகிறது. பிரஷர் இறங்காமல் என்ன செய்யும்? டயாலிசிஸ் நாளில் அந்த மாத்திரையை இரவுக்கு மாற்றிக் கொடுத்தார். முடிந்ததும் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம்தான் எழ வேண்டும் என்றார்.

கிரியாட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கண் தெரிகிறதா, இதற்கு முன்னால் விழுந்தாரா, ராத்திரி தனியாக எழுந்து போகிறாரா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. கருவாட்டையும் பதநீரையும் நிறுத்தத் தெரிந்த எனக்கும் அப்பாவின் கால் மெலிந்தது கண்ணில் படவில்லையே.

இப்போது மிஷின் இல்லாத நாட்களில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருகிறார். கக்கூஸ் சுவரில் கைப்பிடி வைத்தாயிற்று.

கிளம்பும்போது அந்த மருத்துவர், "உங்களுக்கு என்ன வேணும் அய்யா?" என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தென்கடல் பக்கம் போய் உட்காரணும்" என்றார்.

ஞாயிறு சாயங்காலம் கூட்டிப்போகிறேன். நேற்றும் போனோம். மணலில் போட்ட நாற்காலியில் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடி, "கச்சான் காத்து ஏறுது, நாளைக்கு வலை போகாது" என்றார்.