விண்டோஸ் 10ஐ விட்டு மாறலாமா வேண்டாமா: அப்பாவோட பிசில செஞ்சு பார்த்தது

விண்டோஸ் 10க்கு ஃப்ரீ அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னு போச்சு, அதுல இருந்து வீட்ல பிசிய ஆன் பண்ணாலே "என்னம்மா இது, புதுசு வாங்கணும்ங்குதா"ன்னு அப்பா கேட்டுட்டே இருந்தாரு. எனக்கும் இந்த வேலையெல்லாம் ரொம்ப பிடிக்கும், சரி முழுசா பார்த்துடுவோம்னு உட்கார்ந்தேன்.

மெஷின் 2016ல அசெம்பிள் பண்ணது. இன்டெல் ஐ5, ஆறாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 கேக்குறது டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது நம்பிக்கையான சாஃப்ட்வேர மட்டும் ஓட விடற வசதி), அப்புறம் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருக்கற ப்ராசஸர். டிபிஎம் இல்லன்னு வந்தா உடனே பயந்துடாதீங்க, இந்த காலத்து இன்டெல் போர்டு நிறையத்துல அது பயாஸ்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்) பிடிடின்னு ஒரு பேர்ல ஆஃப்ல கிடக்கும், ஆன் பண்ணா போதும், எங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஆனா ப்ராசஸர் விஷயத்துல ஒண்ணும் பண்ண முடியாது, இன்டெல்ல பொதுவா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு.

இதைவிட பெரிய விஷயம் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ் பார்க்கும்போதுதான் தெரிஞ்சுது, போட்டிருக்கறது 32 பிட் விண்டோஸ், இப்ப வழக்கமா வர்ற 64 பிட் இல்ல. 8 ஜிபி ராம் இருந்தும் அது 4 ஜிபிக்கு மேல தொடாது, மீதி இத்தனை வருஷமா சும்மா கிடந்திருக்கு. காரணம் அப்பாவோட ஸ்கேனர். அதோட டிரைவர் (ஸ்கேனரையும் விண்டோஸையும் பேச வைக்கற சாஃப்ட்வேர்) 32 பிட்ல மட்டும்தான் வந்துச்சு, 64 பிட் விண்டோஸ்ல அந்த டிரைவர் ஏறாது. விண்டோஸ் 11ல 32 பிட்டே கிடையாது, அதனால 10 மேலயே அப்கிரேடு அடிக்கற வழியும் இல்ல, எல்லாத்தையும் துடைச்சிட்டு புதுசா போடணும், போட்டா ஸ்கேனர் போயிடும்.

அப்பா எங்க ஊர்ல ரொம்ப வருஷம் டிடிபி சென்டர் வச்சிருந்தாரு. கல்யாணப் பத்திரிகை, சஷ்டியப்தபூர்த்தி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், எல்லாமே பேஜ்மேக்கர்ங்கற பக்கம் டிசைன் பண்ற சாஃப்ட்வேர்ல பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது. இப்பவும் தெரிஞ்சவங்க வந்தா போட்டு குடுப்பாரு. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001ல, அதுக்கு மேல பெரிய வெர்ஷன் எதுவும் வரல, விண்டோஸுக்கு பதிலா ஃப்ரீயா போட்டுக்கற லினக்ஸுக்கு எப்பவுமே வந்தது இல்ல. அதனால எந்த ஓஎஸ் வேகம், எது அழகுங்கறது எனக்கு ரெண்டாவதுதான், இந்த ஃபைல் எங்க திறக்கும்ங்கறதுதான் முதல் கேள்வி.

ரூஃபஸ்னு ஒரு ஃப்ரீ டூல்ல பென் டிரைவ் ரெடி பண்ணி அந்த செக்கிங் எல்லாத்தையும் தாண்டி 11 போடலாம், நிறைய பேர் போட்டு ஓட்டறாங்க. ஆனா சப்போர்ட் இல்லாத மெஷினுக்கு அப்டேட் கிடைக்கும்னு உறுதி கிடையாதுன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிருக்கு. என் சொந்த லேப்டாப்னா போட்டிருப்பேன். அம்மா பேங்க் வேலை பாக்கற மெஷின்ல அந்த ரிஸ்க் எடுக்க மனசு வரல.

அடுத்து லினக்ஸ் மின்ட் 22. இது உபுன்டு 24.04ங்கற இன்னொரு லினக்ஸ் மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவ்ல இருந்து ஓட்டி பார்க்கலாம், டிஸ்க்ல ஒண்ணும் மாறாது, மாறலாமா வேண்டாமான்னு யோசிக்கறவங்க முதல்ல பண்ண வேண்டியது இதுதான். வைஃபை வந்துச்சு, சவுண்டு வந்துச்சு, பிரின்டர தானா கண்டுபிடிச்சுது. ஸ்கேனர் கேபிள சொருகிட்டு டாக்குமென்ட் ஸ்கேனர திறந்தா லிஸ்ட்ல பேர் நிக்குது! டிரைவர் எதுவும் போடல. சேன்னு ஒரு ப்ராஜெக்ட்ல பழைய ஸ்கேனர் ஏகப்பட்டதுக்கு சப்போர்ட் எழுதி வச்சிருக்காங்க, அந்த புண்ணியம். அப்பா ஒரு பழைய பத்திரிகைய வச்சு ஸ்கேன் பண்ணி பார்த்துட்டு இன்னொரு தடவை பண்ணுன்னாரு.

பேஜ்மேக்கர் ஃபைல லிப்ரஆபிஸ் டிரான்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் திறக்கும், இது பல பேருக்கு தெரியாது. முதல்ல திறந்தப்ப எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்துச்சு, ஏன்னா பாமினி யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் வச்ச பொது முறை) கிடையாது, ஆங்கில எழுத்து இருக்கற இடத்துல தமிழ் உருவத்த உட்கார வச்ச ஃபான்ட். ஃபான்ட் ஃபைல காப்பி பண்ணி போட்டதும் தமிழ் வந்துடுச்சு. ஆனா வரி எல்லாம் இடம் மாறி, பார்டர் ஒரு பக்கம், மணமகன் பேர் ஒரு பக்கம். படிச்சு பார்க்க, மேட்டர எடுக்க போதும், பிரஸ்ஸுக்கு அனுப்ப ஆகாது. அப்பா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, அப்பவே முடிவாயிடுச்சு, விண்டோஸ் 10 இருந்தே ஆகணும்.

அதனால பண்ணது இது. ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்க விட வேகமான டிஸ்க்) வாங்கி பழைய டிஸ்க்க அப்படியே அதுல குளோன் பண்ணேன் (இந்த ஒரு மாற்றத்துக்கே மெஷின் புதுசு மாதிரி ஆயிடுச்சு, வேற எதுவும் பண்ணலன்னாலும் இத மட்டும் பண்ணுங்க). மீதி இடத்துல 64 பிட் மின்ட், இப்போ 8 ஜிபியும் வேலை செய்யுது. நெட், பேங்க், அம்மாவோட யூட்யூப், ஸ்கேன் எல்லாம் மின்ட்ல. பேஜ்மேக்கர் மட்டும் விண்டோஸ்ல. அந்த விண்டோஸ இஎஸ்யூல (ஃப்ரீ அப்டேட் நின்ன பிறகும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் குடுக்கற மைக்ரோசாஃப்ட் திட்டம்) சேர்த்துட்டேன், 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். அதுக்கு 22ஹெச்2 வெர்ஷன் இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேணும், செட்டிங்ஸ சிங்க் பண்ண சம்மதிச்சா காசு கேக்கல.

ரெண்டு ஓஎஸ் வைக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். மின்ட்ல இருந்து விண்டோஸ் போனா கடிகாரம் சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி நிக்கும், லினக்ஸ் போர்டு கடிகாரத்துல யூடிசிங்கற உலகப் பொது நேரத்த எழுதுது, விண்டோஸ் அதையே நம்ம நேரம்னு எடுத்துக்குது, மின்ட்ல லோக்கல் டைம் வைக்கச் சொல்லி ஒரு கமாண்ட் குடுத்தா சரியாயிடும். இன்னொண்ணு, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப (சீக்கிரம் ஆன் ஆக விண்டோஸ முழுசா மூடாம வைக்கற வசதி) ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா விண்டோஸ் இருக்கற டிஸ்க் பகுதில மின்ட்ல இருந்து எதையும் சேவ் பண்ண விடாது. தமிழ்99 கீபோர்டு முறைல டைப் பண்ண ஐபஸ்ஸோட (லினக்ஸ்ல பல மொழில அடிக்க உதவற சாஃப்ட்வேர்) எம்17என் பேக்கேஜ் போட்டேன், நல்லாவே அடிக்குது.

மிச்சம் இருக்கறது அப்பாவோட ஃபைல்ஸ். எல்லாத்தையும் பேஜ்மேக்கர்லயே திறந்து பிடிஎஃப் ஆக்கணும், திரும்ப தேவைப்படற டிசைன மட்டும் ஸ்கிரைபஸ்ல (பேஜ்மேக்கர் மாதிரி ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர்) யூனிகோட்ல புதுசா கட்டணும், 2026 அக்டோபர்ல இஎஸ்யூ முடியறதுக்குள்ள. கும்பாபிஷேக நோட்டீஸ்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு அப்பா சொல்லிருக்காரு, அதுலதான் மேட்டர் ஜாஸ்தி.