கேமராக்காரர் எங்கே நின்றார்?

12 ஜூலை 2025, சனி

போன மின்சாரம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வந்தது. மகளோடு உட்கார்ந்து ‘நானூக் ஆஃப் தி நார்த்’ பார்த்தேன். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி கனடாவில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இனுயிட் என்னும் பனிநிலப் பழங்குடி மக்களோடு தங்கி எடுத்த மௌனப்படம், 1922-இல் வெளிவந்தது. நானூக் உறைபனியைக் கத்தியால் அறுத்து அடுக்கி வீடு கட்டுகிறார். பளிங்குபோல் தெளிந்த ஒரு பனிக்கட்டியைச் சன்னலாகப் பதிக்கிறார். சொக்கிப்போய்விட்டேன்.

குடும்பம் உள்ளே உறங்கப் போகும் காட்சியில் மகள் கேட்டாள்: “அப்பா, இவ்வளவு சின்ன வீட்டுக்குள் கேமராக்காரர் எங்கே நின்றார்?”

நேரமாகிவிட்டது, போய்த் தூங்கு என்றேன்.

13 ஜூலை, ஞாயிறு

வெளியே நின்றிருக்கிறார். வெளிச்சம் போதவில்லை என்று, பாதி திறந்த பனிவீடு ஒன்றைப் படத்துக்காகவே கட்டியிருக்கிறார்கள்.

ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரிகிறது. நானூக்கின் உண்மைப் பெயர் அல்லாகரியாலக். மனைவியாக வருபவர் மனைவி அல்லர். துப்பாக்கி பழகியவர்களிடம் ஈட்டியைக் கொடுத்து வேட்டையாட வைத்திருக்கிறார் ஃபிளாஹர்ட்டி. கிராமபோன் தட்டை இன்னதென்று தெரியாதவர்போல் கடித்துப் பார்ப்பதும் நடிப்பு. நேற்று நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த இடத்தில்தான். இப்போது கூச்சமாக இருக்கிறது.

16 ஜூலை, புதன்

‘ஆவணப்படம்’ என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஆவணம் என்றதும் முத்திரைத்தாளும் சாட்சிக் கையெழுத்தும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. சுந்தரரிடம் கிழவர் நீட்டிய ஓலையும் ஆவணம்தான். அவர் அதைக் கிழித்துப்போட்டார். மூல ஓலை பிறகு வந்தது. ஃபிளாஹர்ட்டிக்கோ மூலமே போய்விட்டது. முதலில் எடுத்த சுமார் 30,000 அடி நெகட்டிவ் 1916-இல் அவருடைய சிகரெட் நெருப்பிலேயே எரிந்தது. மிஞ்சிய பிரதியைப் போட்டுப் பார்த்தவருக்கு அது பிடிக்கவில்லை. வெறும் பயணக் காட்சிகள். 1920-இல் மறுபடி போனார், இம்முறை ஒரு குடும்பத்தின் கதையாக எடுக்க. செலவை ஏற்றது ஒரு மென்மயிர் வணிக நிறுவனம்.

20 ஜூலை, ஞாயிறு

மூன்றாம் முறை பார்த்தேன், தனியாக.

படத்தில் நடித்த மேகி என்ற பெண்ணுக்கு ஃபிளாஹர்ட்டியால் ஒரு மகன் பிறந்தான், ஜோசஃபி. தகப்பன் திரும்பி வரவே இல்லை. 1955-இல் கனடா அரசு அந்த மகனையும் குடும்பத்தையும் வடதுருவத்துக்கு இன்னும் அருகில், எல்ஸ்மியர் தீவுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. இடப்பெயர்வுக்காக அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல்.

பனிவீட்டையும் வேட்டையையும் ஓட்டிவிட்டேன். ஒரு பெண் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். மகள் எட்டிப் பார்த்து, “யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்?” என்றாள். இம்முறை தூங்கப் போகச் சொல்லவில்லை.