கோணேசர் மலையில் ஒரு தொட்டில்

வெயில் ஏறுமுன் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்குப் போய்விட வேண்டும் என்று திருகோணமலை டவுனிலிருந்து விடியவே நடந்தேன். பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் காலைப் பசியோடு நின்றன. இடித்த பழைய கோணேசர் கோயிலின் கற்களை வைத்துப் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் மனம் கனக்கும்.

கும்பிட்டுவிட்டு இராவணன் வெட்டுப் பக்கம் வந்தேன். பாறை விளிம்பில் நிற்கும் மரத்தின் கிளையெல்லாம் நேர்த்தித் தொட்டில்கள். உள்ளங்கையில் அடங்கும் பலகைத் தொட்டில் ஒன்றை ஓர் அம்மா கட்டிக்கொண்டிருந்தார். கடற்காற்றில் மஞ்சள் நூல் முடிச்சு விழவில்லை. கிளையைத் தாழ்த்திப் பிடித்துக்கொடுத்தேன். மகளுக்காம், கலியாணம் முடிந்து 6 வருடம்.

"ஆம்பிளைப் பிள்ளை கேட்டோ கட்டுறீங்கள் அம்மா?"

"பிள்ளை எண்டு கேட்டாக் காணும் தம்பி. ஆணோ பொண்ணோ, அது அவர் குடுக்கிறது."

நிகழ்தகவு படிப்பிக்கிற எனக்கு உடனே ஜோன் ஆர்பத்நொட்தான் நினைவுக்கு வந்தார். இங்கிலாந்தின் ஆன் அரசியின் மருத்துவர். லண்டனில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் கணக்கை 1629 முதல் 1710 வரை எடுத்துப் பார்த்தார். 82 வருடமும், ஒன்றுகூடத் தப்பாமல், ஆண் பிள்ளைகளே கூட. காசைச் சுண்டி 82 தரமும் தலையே விழுவது போல. அதற்கான வாய்ப்பு, 25 இலக்க எண் ஒன்றில் ஒரு பங்கு. ஆகவே இது தற்செயல் அல்ல, கடவுளின் ஏற்பாடு என்றார்: வெளியே உழைக்கப்போய் ஆண்கள் கூடுதலாகச் சாகிறார்கள், அதை ஈடுசெய்யவே ஆண் பிறப்பு கூட.

கணிதர் நிக்கொலஸ் பேர்னூலி இதை ஏற்கவில்லை. 35 முகப் பகடையில் 18 முகம் ஆண், 17 முகம் பெண் என்று வையுங்கள், அதிசயம் போய்விடும் என்றார். இன்னொரு கணிதரான டி மொய்வர் விடவில்லை. அந்தப் பகடையை அப்படிச் செதுக்கியவர் ஒருவர் வேண்டாமா என்று கேட்டார். கத்தோலிக்க பிரான்சில் சிறுபான்மைப் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர்.

மதம் கணக்கை மறித்தது என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். புது மருந்தின் பலன் தற்செயலா என்று இன்று சோதிக்கிறார்களே, அந்த வாதத்தின் முதல் வடிவம் ஆர்பத்நொட்டின் இந்தப் பக்திக் கட்டுரையில்தான் கிடக்கிறது. நிகழ்தகவில் பேர்பெற்ற தேற்றம் ஒன்றைத் தந்த தோமஸ் பேய்சும் ஒரு போதகர். அவர் இறந்தபின் 1763இல் அந்தத் தேற்றத்தை அச்சேற்றிய ரிச்சர்ட் பிரைசும் போதகர்.

முடிச்சு இறுகியதும் அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"மகளுக்கு அனுப்போணும். தொட்டில் வடிவாத் தெரியிற மாதிரி ஒண்டு எடுங்கோ தம்பி."

காற்று ஒரு நொடி ஓயும்வரை காத்திருந்து எடுத்தேன்.