மைனாவுக்கு ஒரு பொய் முயல்: பழைய சைக்கிளில் செய்த இழுவை

கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இந்த நாய்களுக்கு நடை பத்தாது. கழுத்தில் பட்டை மாட்டி ஊரைச் சுற்றி எவ்வளவு தூரம் கூட்டிப் போனாலும், வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருக்கும். அதற்கு வேண்டியது அரை நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடுகிற ஓட்டம். எங்கள் மைனா கருங்கன்னிப் பெட்டை. உடம்பு முழுக்கக் கருப்பு, கன்னத்திலும் புருவத்திலும் காலிலும் மட்டும் செம்மஞ்சள். ஒரு வயது தாண்டும்வரை அவளை முழு வேகத்தில் ஓடவிடவில்லை. எலும்பு நுனிகள் முதிராமல் ஓடவிட்டால் கால் கோணிவிடும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். வயது தாண்டியது. சரி, இப்போது எதைத் துரத்தி ஓடுவாள்?

பெரியப்பாவுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. "முயலுக்குன்னே பொறந்த நாயைக் கையில வச்சுக்கிட்டு என்னலே யோசனை?" என்றார். அவர் இளவட்டமாக இருந்தபோது மாசி சிவராத்திரியை ஒட்டிப் பாரிவேட்டைக்கு ஊரே நாய்களோடு கிளம்புமாம். இன்றைக்கு அது நடக்காது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குச் சொல்லும் விளக்கத்தில் கொல்வதோடு பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது எல்லாமே அடங்கும். "பிடிக்கவில்லை, சும்மா ஓடவிட்டேன்" என்ற சாக்கு எடுபடாது. சட்டத்தை விடுங்கள். எங்கள் பக்கம் கரிசல் காட்டில் முயல் படுத்துக் கிடந்த இடமெல்லாம் சோலார் தகடும் பிளாட் கல்லுமாக ஆகிவிட்டது. தப்பிப் பிழைத்துக் கிடப்பதை நான் வேறு போய் விரட்ட வேண்டாம் என்றே பட்டது.

தேடியபோது கிடைத்த வழிதான் லூர் கோர்சிங். தரையோடு ஒரு கயிறு ஓடும், அதன் நுனியில் பிளாஸ்டிக் பை. நாய் அதைத் துரத்தும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வேட்டை நாய் வைத்திருந்தவர்கள், திறந்தவெளியில் முயல் துரத்தும்போது நாய்கள் முள்கம்பி வேலியில் மோதிக் காயப்படாமல் இருக்க இதை உருவாக்கினார்கள். அதற்கான சங்கம் தொடங்கியதும் 1972இல்தான், நம் நாட்டில் சட்டம் வந்த அதே வருடம். அங்கே மோட்டார் வைத்த இயந்திரம் விற்கிறார்கள். அந்த விலைக்கு ஒரு பால்மாடு வாங்கலாம். மாட்டுக் கொட்டகையில் ஓட்ட ஆளில்லாமல் பழைய 28 அங்குல சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது, அதை எடுத்தேன்.

செய்தது இவ்வளவுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின் டயரையும் ட்யூபையும் கழற்றினேன். வெறும் ரிம்மின் குழிவுதான் கயிறு சுற்றுகிற ராட்டினம். பெடலைக் கையால் சுற்றினால் சக்கரம் கயிற்றை இழுத்துச் சுருட்டும். சீட்டையும் ஹேண்டில்பாரையும் முளைக்குச்சி அடித்துத் தரையோடு கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகம் எடுக்கும்போது சைக்கிளே துள்ளும். கயிறு, கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் நைலான் நூல், ஒன்றரை மில்லிமீட்டர் பருமன். 150 மீட்டர் சுற்றினாலும் ரிம்மை விட்டு வழியவில்லை. தடித்த கயிறு போட்டால் விளிம்பு தாண்டி அச்சில் போய்ச் சிக்கிக்கொள்ளும். தூண்டில் நரம்பு வேண்டவே வேண்டாம், நாயின் காலை அறுத்துவிடும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு குச்சியில் திரைச்சீலை வளையம் கட்டி அதன் வழியாகக் கயிற்றை விட்டேன், ஓரிடத்திலேயே குவியாமல் பரவலாகச் சுற்றிக்கொள்கிறது.

செயின் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கயிற்றை வயலுக்குள் இழுத்துக்கொண்டு போகும்போது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும். அப்போது ஃப்ரீவீல், அதாவது பின் சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரம், பிடித்துக்கொள்வதால் பெடலும் சேர்ந்து சுழலும். பக்கத்தில் யாராவது குனிந்திருந்தால் முழங்கையில் அடிதான். அதனால் கயிறு விரிக்கும்போது செயினைக் கழற்றிவிட்டு, ஓட்டத்துக்கு முன் மாட்டிக்கொள்கிறேன். பின் பிரேக்கைக் கழற்றவே கூடாது. பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், அதை அடக்க அந்த பிரேக் ஒன்றுதான் உண்டு.

அப்புறம் கணக்கு. செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. ரிம்மின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரு சுற்றுக்கு 4.75 மீட்டர் கயிறு உள்ளே வரும். நொடிக்கு இரண்டு சுற்று வீதம் மூச்சு வாங்கச் சுற்றினால் மணிக்கு 34 கிலோமீட்டர். பந்தயக் கிரேஹவுண்டு 60க்கு மேல் ஓடும். கன்னி அந்த அளவு ஓடுமா என்று நான் அளந்ததில்லை, ஆனால் 34 அவளுக்கு வெறும் விளையாட்டு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பாதித் தூரத்திலேயே பையைக் கவ்விக்கொண்டு நின்றாள்.

இடம் தேடுவதுதான் பெரிய பாடு. வெயில் காலத்தில் கரிசல் நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதில் நாயை ஓடவிட்டால் மணிக்கட்டு போய்விடும். செவல் காட்டில் நெருஞ்சி முள். கண்மாய்க் கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். தோதாக அமைந்தது கண்மாயின் உள்வாய்தான். தண்ணீர் வற்றி, ஆடு மேய்ந்து, கட்டைப்புல்லும் கொஞ்சம் மணலுமாகக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் கயிறு விரிப்பதற்கு முன் அந்த நீளம் முழுக்க நடந்து கண்ணாடிச் சில்லும் முள்ளும் பொறுக்குகிறேன். குடிக்க வருகிறவர்கள் பாட்டிலை உடைக்காமல் போனால் புண்ணியமாகப் போகும்.

பையின் நிறத்தில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் கட்டியது சிவப்புத் துணி. நம் கண்ணுக்குப் பச்சைப் புல்லில் பளிச்சென்று தெரிகிறது, மைனாவோ அது நகர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலையைத் திருப்பினாள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நீலமும் மஞ்சளும் தெரியும், மற்றவை மங்கல். வெள்ளைக் கேரி பேக்கைக் கீறி, நீலப் பையின் துண்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டினேன். அது புல்லில் சரசரவென்று சத்தமும் போடும். அன்றைக்கு அவள் காதும் முதுகும் விறைத்த விறைப்பைப் பெரியப்பா பார்த்துவிட்டு, "ஏலே, இவ நெசமாவே முயல்னு நம்பிட்டா" என்றார். பிளாஸ்டிக் பைக்கு நாய் ஓடுவதா என்று அதுவரை என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தவர், இப்போது பையைக் கட்டுவது அவர்தான். கட்டும் விதத்திலும் அவர் யோசனை ஒன்று உண்டு. பையை நேராக நைலானில் முடியாமல் நடுவில் ஒரு சாண் தையல் நூல் விடுகிறார். நாய் கவ்வி உதறினால் அந்த நூல் அறுந்து பை மட்டும் அதன் வாயோடு வரும், கயிறு பல்லிலோ காலிலோ சுற்றாது.

பாதுகாப்பில் கறாராக இருப்பது இரண்டு விஷயங்களில். இயந்திரத்துக்கு 20 மீட்டர் முன்னாலேயே பையை நிறுத்திவிடுவேன், அவள் வேகத்தோடு சைக்கிளில் மோதினால் அவ்வளவுதான். ஓடும் கயிற்றுக்குக் குறுக்கே இன்னொரு நாயை விடுவதே இல்லை. இரண்டு நாய் போட்டியாக ஓடவிட வேண்டும் என்று இளவட்டங்கள் நச்சரிக்கிறார்கள். திருப்பத்தில் ஒன்றோடொன்று மோதினால் கால் எலும்பு முறியும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சூடு இன்னொரு எதிரி. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பந்தயம் ஓடி முடித்த கிரேஹவுண்டுக்கு அது 41ஐத் தொடும். பங்குனி வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிழக்கு வெளுக்கும்போது ஆரம்பித்து வெயில் கரைக்கு ஏறுவதற்குள் மூட்டை கட்டிவிடுகிறோம். ஓடி முடித்ததும் உடனே படுக்கவிடாமல் நடத்தி, வயிற்றடியிலும் காலிடுக்கிலும் தண்ணீர் விட்டு, இரைப்பு அடங்கியபின்தான் குடிக்கக் கொடுக்கிறேன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. முதல் நாள் ராத்திரி கேப்பைக் கூழும் முட்டையும், ஓட்டத்துக்கு முன் வெறும் வயிறு. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு நிறைந்து ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

வேகத்தைக் கூட்ட சைக்கிள் கடைக்காரரிடம் போய் முன்னால் 48 பல், பின்னால் 16 பல் மாற்றினேன். இப்போது ஒரு சுற்றுக்கு சக்கரம் சரியாக மூன்று சுற்று, கிட்டத்தட்ட 5.85 மீட்டர். அதே கை வேகத்தில் மணிக்கு 42 கிலோமீட்டர். ஆனால் கிளப்புவது கனமாகிவிட்டது. அதனால் இரண்டு பக்கப் பெடலுக்கும் ஆளுக்கொருவராகத் தம்பி மகனும் நானும் நிற்கிறோம். இந்த வேகத்தில்தான் அவளுடைய உண்மையான ஓட்டத்தைப் பார்த்தேன். செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு காலும் இரண்டு தடவை தரையை விட்டு நிற்கும். உடம்பு நீண்டு விரியும்போது ஒரு தடவை, முதுகு வளைந்து கால்கள் வயிற்றுக்கடியில் சேரும்போது ஒரு தடவை. வில்லை வளைத்து விடுவது போல அந்த முதுகு வேலை செய்கிறது. இடுப்பு ஒட்டி விலா தெரிவதைப் பார்த்து "நாய்க்குச் சோறு போடுறதில்லையா" என்று கேட்கிறவர்களுக்கு அந்த வீடியோவைத்தான் காட்டுகிறேன்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு இந்த நாய்களுக்குத் தனி மவுசு வந்தது. எனக்கும் குட்டி கேட்டு நகரத்திலிருந்து போன் வருகிறது. மொட்டை மாடியில் வளர்க்கலாமா என்று கேட்டால் உடனே இல்லை என்றுவிடுகிறேன். ஓட இடமில்லாத வீட்டில் கன்னி எதற்கு? வேறு நாய் எத்தனையோ இருக்கிறது.

கண்மாய்க்கு விடியலில் போவதில் எனக்கு ஒரு தனி லாபம். கௌதாரி கத்துவது, மயில் கரையிலிருந்து இறங்குவது, கீரி கயிற்றை மோந்து பார்த்துவிட்டுப் போவது எல்லாம் காணக் கிடைக்கிறது. கிழக்குப் பக்கம் கயிறு விரிக்கப் போனால் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வந்து கத்தித் தீர்த்தது. தேடிப் பார்த்ததில் வெறும் தரையில், கூழாங்கல் நடுவே நான்கு முட்டை, கூர்முனை எல்லாம் உள்பக்கம் பார்த்து. பங்குனி முதல் ஆடி வரை அதற்கு முட்டைக் காலம். ஓட்டப் பாதையை மேற்கே தள்ளிவிட்டேன், குஞ்சு பொரித்துக் கிளம்பும்வரை அந்தப் பக்கம் போவதில்லை.

உண்மையான முயலும் வந்தது. கருவேலம் புதருக்கடியிலிருந்து கிளம்பி, எங்களுக்கு முன்னால் காதைத் தூக்கி நின்று, அப்புறம் கோணல் மாணலாகப் பாய்ந்து மறைந்தது. மைனா கழுத்துப்பட்டைக் கயிற்றோடு என் கையில் இருந்தாள், என் தோள்பட்டையைப் பிடுங்கிவிட்டாள். பொய் முயலைத் துரத்தினால் நிஜ முயலை மறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் மறக்க மாட்டாள். கயிறு விரித்து, சுற்று வட்டாரத்தைப் பார்த்து, பை நகர ஆரம்பிக்கும் நொடியில்தான் பட்டையை அவிழ்க்கிறேன். ஓடி முடிந்ததும் உடனே மாட்டிவிடுகிறேன். மற்றபடி வீட்டில் மாற்றம் தெரிகிறது. கொல்லைக்கும் வாசலுக்குமான அலைச்சல் நின்றுவிட்டது, கோழிகளை முறைப்பதும் குறைந்திருக்கிறது.

இப்போது புதுச் சிக்கல். எந்தப் பையும் சைக்கிளை நோக்கித்தான் வருகிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். போன வாரம் பையைத் துரத்துவதாகப் பாவனை காட்டிவிட்டு, குறுக்கே வெட்டி, நேராக இயந்திரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். பை தன்னைத் தேடி வரட்டும் என்று ஒரு பார்வை வேறு. நேர்கோட்டு ஓட்டம் இனி செல்லாது. தரையில் முளையடித்துக் கப்பி வைத்து, கயிற்றை இரண்டு இடத்தில் மடக்கி வளைந்து வளைந்து ஓடவிட வேண்டும். கிணற்றுக் கப்பி கனம் அதிகம், பழைய துணி உலர்த்தும் கம்பியின் சின்ன நைலான் கப்பி இரண்டு கிடைத்திருக்கிறது. மடக்கில் கயிறு நழுவாமல் இருக்க மேலே என்ன மூடி போடுவது என்று பெரியப்பா தகரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்.