சூரத்தில் எந்தப் பக்கம்

"விசாரிச்சுச் சொல்றேங்கய்யா."

அன்று போனில் நான் சொன்னது இவ்வளவுதான். விசாரிக்க என்னிடம் எதுவும் இல்லை. யாரிடம் போய் விசாரிப்பது, எழுதிய என்னிடமேவா?

கிரைம் எபிசோடுகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது என் வேலை. வாரத்துக்கு இரண்டு. துப்பு துலங்காத வழக்கு என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் 'மூன்று கோணங்கள்' வந்தாக வேண்டும். இரண்டு என்றால் பட்டிமன்றம் மாதிரி ஆகிவிடுகிறது, நான்கு என்றால் ஆள் எழுந்து போய்விடுகிறார். காணாமல் போனவர் கதை என்றால் இன்னும் சுலபம். தெரிந்தவர் யாரோ செய்தது, ஏதோ விபத்து, ஆள் உயிரோடு எங்கேயோ இருக்கிறார். இந்த மூன்றாவது எல்லா வழக்குக்கும் பொருந்தும். அதை எழுதும்போது நான் டீ குடித்துக்கொண்டே எழுதுவேன்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பைக்கை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போன பையன் அவன். பைக்கை எடுக்கத் திரும்பி வரவில்லை. ஊர், வருடம் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும். மூன்றாவது கோணத்தில், 'வேறு பெயரில் வெளிமாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது ஒட்டவில்லை. ஊர் பெயர் ஒன்று இருந்தால்தான் கேட்கிறவர் மனதில் படம் விழும். எங்கள் ஜன்னலுக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடை. 'சூரத் சேலைகள், எதை எடுத்தாலும் 299' என்று பலகை வைத்திருந்தார்கள். வெளிமாநிலத்தை அடித்துவிட்டு, 'சூரத் போன்ற ஒரு ஊரில், ஏதாவது ஒரு மில்லில்' என்று எழுதினேன்.

விளம்பரத்துக்காகக் கொடுத்திருந்த நம்பருக்குத்தான் அந்த போன் வந்தது. அன்று அந்த போன் என் மேஜையில் இருந்தது.

"தம்பி, நான் அவனோட அப்பா பேசுறேன். வீடியோ பார்த்தேன், நல்லா சொல்லியிருந்தீங்க."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் என்ன சொல்வது என்பதற்கு எங்களிடம் பதில் தயாராக இருக்கும். அவர் திட்டவில்லை.

"சூரத்துல எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. நான் போய்ப் பாத்துக்கிறேன். மெட்ராஸ்ல இருந்து நவஜீவன் அந்த வழியாத்தான் போகுதாம்ல."

ரயிலின் பெயர் வரைக்கும் கேட்டு வைத்திருந்தார். அதற்குத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். மூன்று நொடி யோசித்திருப்பேன். அந்த மூன்று நொடியில், 'ஐயா, அது சும்மா ஒரு ஊகம்' என்று சொல்லியிருக்கலாம். தாராளமாகச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் தொழிலுக்கு மூலதனமே இந்த 'லாம்'தான். கொன்றிருக்கலாம், ஓடிப்போயிருக்கலாம், இருக்கலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் இதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவோம். ஆனால் தமிழில் இந்த 'லாம்' சந்தேகத்துக்கு மட்டும் உள்ளதா என்ன? 'உள்ளே வரலாம்' என்றால் வாங்க என்றுதானே அர்த்தம். நான் சந்தேகமாகச் சொன்னதை அவர் அழைப்பாகக் கேட்டிருக்கிறார். இதை அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு, என்னை நானே காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தபோது தோன்றியது. அதனால் இதையும் முழுசாக நம்ப முடியவில்லை.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி நாங்கள் இரண்டு எபிசோடு செய்திருக்கிறோம். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்து. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய் 1947இல் விடுதலையானார்கள். அப்படியானால் கொன்றது யார்? ஆளுக்கொரு கதை. பிரபலங்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிப் பிழைத்தவரின் சாவே கிசுகிசுவாகிப்போனது. அந்த எபிசோடுகளுக்கு யாரும் போன் செய்து 'எந்தப் பக்கம்' என்று கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, பழைய வழக்குகளை எழுதும்போது நான் ரொம்ப நியாயஸ்தன்.

பழைய வழக்கு என்றால் யாருக்கும் வலிக்காது என்றும் சொல்ல முடியாது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது சோமர்ட்டன் மனிதன் வழக்கு. 1948 டிசம்பர் 1, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பக்கம் ஒரு கடற்கரையில் கோட்டு சூட்டோடு ஒரு பிணம். சட்டைத் துணிகளில் லேபிள்கள் இல்லை. பாக்கெட்டில் 'தமாம் ஷுத்', அதாவது 'முடிந்தது' என்று அச்சிட்ட ஒரு துண்டுத்தாள். அது உமர் கய்யாமின் ருபாயியாத் என்ற கவிதைப் புத்தகத்திலிருந்து கிழித்தது. அந்தப் புத்தகம் கிடைத்தபோது பின்னால் புரியாத எழுத்து வரிசைகளும், பக்கத்தில் வசித்த ஒரு நர்ஸின் போன் நம்பரும் இருந்தன. ரயில் நிலையத்தில் கிடைத்த பெட்டியில் இருந்த டையில் 'டி. கீன்' என்ற பெயர். போதாதா? உளவாளி, சங்கேத மொழி, கள்ளக்காதல் என்று எழுபது வருடம் ஓட்டினார்கள். நானும் பதினெட்டு நிமிடம் ஓட்டினேன்.

2022இல், அந்த ஆள் மெல்போர்னைச் சேர்ந்த கார்ல் வெப் என்று டெரிக் ஆபட் அறிவித்தார். இறந்தவரின் முகத்தில் அச்சு எடுத்துச் செய்த பிளாஸ்டர் சிலையில் ஒட்டியிருந்த முடியிலிருந்து மரபணு எடுத்துக் கண்டுபிடித்தது. வெப் ஓர் எலக்ட்ரிகல் ஆள், கருவிகள் செய்கிறவர். டையில் இருந்த 'டி. கீன்'? அவருடைய அக்காள் தங்கைகளில் ஒருத்தியின் புருஷன் பெயர் தாமஸ் கீன். உளவுத்துறை வரைக்கும் போன துப்பு, கடைசியில் மாமன் மச்சான் கொடுத்த பழைய டையாக இருக்கலாம். (பாருங்கள், மறுபடியும் 'லாம்'.)

ஆபட் போலீஸ்காரர் இல்லை, அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர். 'வெளியாள் ஒருத்தர் விடாமல் யோசித்ததால்தானே விடை கிடைத்தது' என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதே ஆபட்தான் அந்த நர்ஸின் மகன் இறந்தவருக்குப் பிறந்தவனாக இருக்கலாம் என்றும் வருடக்கணக்கில் ஊகித்தார். மரபணு அதை இல்லை என்றது. அந்த நர்ஸ் இதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டே வாழ்ந்து 2007இல் இறந்துபோனார். இந்தப் பகுதியை நான் ஸ்கிரிப்டில் சேர்க்கவில்லை. நேரம் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

அப்பா பிறகு இரண்டு முறை கூப்பிட்டார். ஒருமுறை எடுக்கவில்லை. இன்னொருமுறை நான் வெளியே போயிருப்பதாகப் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். நான்தான் கையைக் காட்டிச் சொல்லச் சொன்னேன்.

அப்புறம் தம்பி கூப்பிட்டான், காணாமல் போனவனின் தம்பி. ஏழு வருடம் ஆகப்போகிறது. ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. கோர்ட்டில் உத்தரவு வாங்க, காகிதங்களில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அவர் போடமாட்டேன் என்கிறாராம்.

"விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்கடா, பொறுன்னு சொல்றாருண்ணே. நீங்க எதாவது விசாரிச்சீங்களா?"

"இல்லைப்பா."

"அதை அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே."

போனை அப்பாவிடம் கொடுத்தான். இந்த முறை சொல்லிவிட்டேன். சூரத் என்பது நானாக எழுதியது, எனக்கு எதுவும் தெரியாது, மன்னிச்சிருங்க என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரிங்க தம்பி. வேற யாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் கையெழுத்துப் போட்டாரா என்று தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். உரிமையா, தைரியமா என்று இன்னும் முடிவாகவில்லை. பொய்யான நம்பிக்கையைக் கொடுத்தது தப்பு என்றால், கொடுத்ததைப் பிடுங்கியது சரியாகிவிடுமா? அந்தப் பையன் உண்மையிலேயே எங்கேயாவது இருந்தால்? சூரத்திலேயே இருந்தால்? இந்தக் கேள்வி வரும்போது, இதுவும் மூன்றாவது கோணம்தான் என்று தெரிகிறது. வேலையை நான் விடவில்லை. ஊர் பெயர்கள் எழுதுவதை மட்டும் விட்டிருக்கிறேன்.

வீடியோவை மொத்தமாக எடுக்க நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாற்பது நொடியை மட்டும் வெட்டினேன். ஆனால் ஆரம்பத்தில் வரும் குரல் இன்னும் 'மூன்று கோணங்கள்' என்றுதான் சொல்கிறது. அதை மாற்ற மறுபடி ஒலிப்பதிவு செய்ய வேண்டும். 'மூணாவது எங்க ப்ரோ?' என்று பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இதுவரை ஒருவருக்கும் பதில் எழுதவில்லை.