‘பெரும்பாலோருக்கு மிதமான மன அழுத்தம்’: இந்த முடிவு எங்கிருந்து வருகிறது?

உளவியல், கல்வியியல், சமூகப்பணித் துறைகளின் ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: “பெரும்பாலான மாணவர்களுக்கு மிதமான மன அழுத்தம் உள்ளது.” மன அழுத்தத்துக்குப் பதில் தன்மதிப்பு, கைப்பேசிப் பழக்கம், உணர்வுசார் நுண்ணறிவு என்று எதை எடுத்தாலும் முடிவு மிதம்தான். மாணவர்கள் உண்மையிலேயே அப்படி இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் அந்த ‘மிதம்’ கணக்குப் போட்ட முறையிலேயே பிறந்துவிடுகிறது.

முதலில் சராசரி ± திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் கழித்து அதற்குக் கீழே ‘குறைவு’, ஒன்று கூட்டி அதற்கு மேலே ‘அதிகம்’, நடுவே ‘மிதம்’ என்று பிரிப்பது நம்மிடம் வழிவழியாக வரும் பழக்கம். மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலை (நடுவில் குவிந்து இருபுறமும் குறையும் மணி வடிவம்) ஒட்டி இருந்தால் ஏறத்தாழ 68 சதவீதத்தினர் நடுவில் விழுந்தே தீர வேண்டும். ஒரு வகுப்பின் உயரத்தை அளந்து இதே கணக்கைப் போட்டாலும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ‘மிதமான உயரம்’ என்றுதான் வரும். முதல், மூன்றாம் கால்மானங்களில் (மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நான்கு சம பங்காக்கும் புள்ளிகள்) வெட்டினால் நடுவில் பாதிப்பேர். அது இன்னும் வெளிப்படை. எல்லைகளை நம் டேட்டாவிலிருந்தே எடுத்துவிட்டு, எத்தனை பேர் உள்ளே விழுந்தார்கள் என்பதை ஒரு கண்டுபிடிப்பாக எழுத முடியாது.

வெளியிலிருந்து எல்லையைக் கொண்டுவந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட, ‘உணரப்பட்ட மன அழுத்தம்’ அளக்கும் பி.எஸ்.எஸ். ஸ்கேலையே பார்ப்போம். இன்று அதிகம் புழங்குவது அதன் 10 கேள்வி வடிவம். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 0 முதல் 40. இதற்கு 0–13 குறைவு, 14–26 மிதம், 27–40 அதிகம் என்ற பிரிவு எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் இது நோயறியும் கருவி அல்ல. இதற்கு வெட்டுப்புள்ளி (இதற்கு மேல் அதிகம், கீழே குறைவு என்று பிரிக்கும் எல்லை) கிடையாது என்பதே ஸ்கேலை உருவாக்கியவர்களின் நிலைப்பாடு.

இனி அதிகம் பேர் கவனிக்காத இடம். இந்த ஸ்கேலில் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் நேர்மறையானவை; அவற்றில் பெரிய எண் என்றால் அழுத்தம் குறைவு. அவற்றைத் திருப்பி மதிப்பெண் போட வேண்டும் (4இலிருந்து பதிலைக் கழித்தால் போதும்). கேள்வியைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 0 என்று டிக் அடித்தவருக்கு மொத்தம் 16. எல்லாம் 1 என்றால் 18, எல்லாம் 2 என்றால் 20, 3 என்றால் 22, 4 என்றால் 24. ஐந்துமே ‘மிதம்’! கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி டிக் அடித்தாலும் சராசரி 20தான். அப்படிப்பட்ட 100 பேரில் ஏறத்தாழ 85 பேர் 14–26க்குள் வந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் சுற்றுக்கு விட்டு, பாதிப்பேர் ஒரு நிமிடத்தில் முடித்து அனுப்பியிருந்தால், அந்த மொத்த மதிப்பெண்ணில் அக்கறையின்மையும் மன அழுத்தமும் ஒன்றுபோலத் தெரியும்.

அதனால் திருப்பி மதிப்பெண் போடும் முன்பே, மூல டேட்டாவில் சோதியுங்கள். எக்செலில் ஒவ்வொரு வரிசைக்கும் பத்துப் பதில்களின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால், பூஜ்யம் வருபவர் நேர்கோட்டில் டிக் அடித்தவர். எல்லாம் 2 என்பது அரிதாக நேர்மையான பதிலாகவும் இருக்கலாம். ஆகவே அவர்களைச் சேர்த்து ஒருமுறை, விலக்கி ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் எழுதுவதே நியாயம். ‘இந்தக் கேள்விக்கு மூன்றைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு கவனச் சோதனையை நடுவில் வைப்பதும் உதவும்; மொத்தத்தைக் கூட்டும்போது அதை விட்டுவிட வேண்டும்.

டேட்டாவை 1 முதல் 5 வரை குறித்திருந்தால் திருப்புவதற்கு 6இலிருந்து கழிக்க வேண்டும். மொத்தம் 10–50 ஆகிவிடும். பிற ஆய்வுகளோடு ஒப்பிடும் முன் 10 கழிக்காவிட்டால் நம் மாணவர்கள் பெரும் துயரத்தில் இருப்பதுபோல் தோன்றும். கிரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்பதன் அளவு) எதிர்பாராமல் குறைந்தால், ஸ்கேலைக் குறை சொல்லும் முன் ஒவ்வொரு கேள்விக்கும் மற்றவற்றின் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை) பாருங்கள். அந்த நான்கு கேள்விகளுக்கும் எதிர்மறையாக வந்தால் திருப்ப மறந்திருக்கிறோம். திருப்பிய பிறகும் பலவீனமாகவே இருந்தால் கவனமில்லாத பதில்கள் கலந்திருக்கலாம், அல்லது மொழிபெயர்ப்பு குழப்பியிருக்கலாம்.

சரி, வகைப்படுத்தாமல் என்ன எழுதுவது? சராசரி, திட்ட விலக்கம், பரவலின் வரைபடம். பிறகு உருப்படியான ஓர் ஒப்பீடு. விடுதி மாணவர்களையும் வீட்டிலிருந்து வருபவர்களையும் ஒப்பிட நினைத்தால், நடுத்தர வித்தியாசத்தை (அரை திட்ட விலக்கம்) 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறிய வித்தியாசம் (0.2 திட்ட விலக்கம்) என்றால் குழுவுக்கு 400 பேரை நெருங்கும். எத்தனை பேர் தேவை என்று கணக்கிடும் ஜி-பவர் மென்பொருளில் இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும்போதே பார்க்க வேண்டியது அது.

கூடவே பாலினம், குடும்ப வகை, பிறப்பு வரிசை, பயிற்று மொழி, பெற்றோர் கல்வி என்று பத்து மாறிகளுக்கும் டி-டெஸ்ட், அனோவா (குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனைகள்) ஓட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில்கூட, ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகளில் ஒன்றிலாவது பி-மதிப்பு 0.05க்குக் கீழே வர (அதாவது ‘வித்தியாசம் உண்டு’ என்று காட்ட) 40 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படி வந்த ஒன்றுக்குத்தான் பிறகு இரண்டு பக்கம் விளக்கம் எழுதப்படுகிறது. கேள்வி ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் டேட்டா எடுக்கும் முன்பே எழுதி வைத்ததாக இருக்கட்டும்.

முதலாண்டு மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களின் சம்மதத்தோடு பெற்றோரின் ஒப்புதலும் தேவை. கேள்வித்தாளின் கடைசியில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416ஐ அச்சிட்டுக் கொடுங்கள். மன அழுத்தத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

இந்த ஸ்கேல் கேட்பது கடந்த ஒரு மாதத்தை. ஒரு துறையில் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரத்திலும் இன்னொன்றில் விடுமுறை கழிந்த வாரத்திலும் டேட்டா எடுத்தால், கிடைக்கும் வித்தியாசம் துறைகளுக்கானதா, நாட்காட்டிக்கானதா என்று பிறகு பிரிக்க வழியில்லை. இரு துறைகளிலும் ஒரே வாரத்தில் முடியுங்கள். முடியாவிட்டால், ஒவ்வொருவரும் பதில் அளித்த தேதியை டேட்டாவில் ஒரு தனி நெடுவரிசையாகக் குறித்து வையுங்கள்.